சதுப்புக் கரையில் விடுதலைச் சுவடுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலை வரலாறு என்றதும், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்ட நிகழ்ச்சியும், பிலடெல்பியா மாநகரில் விடுதலைப் பிரகடனம் வெளியான 1776-ஆம் ஆண்டும் நம் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்கள் நமக்குக் கற்பித்தவை அவையே. ஆயினும் அந்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரைக்கு வேறொரு வரலாறு உண்டு. அது 1776-க்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பானிய மொழியில் தொடங்கியது. பூர்வகுடிகளின் மொழியிலும், ஆப்பிரிக்க மொழிகளிலும், ஜெர்மானிய மொழியிலும் தொடர்ந்தது. இறுதியில் ஆங்கிலத்தில் எழுதி வைக்கப்பட்டது. எழுதி வைத்தவர்களின் கண்கொண்டு மட்டும் பார்த்தால் அவ்வரலாற்றில் பாதியே விளங்கும். ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரத்திலும், அதற்கு வடக்கே தென் கரோலினாவிலும் சில நாட்கள் தங்கிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அங்குக் கண்டவற்றையும், அவற்றின் வழியே அறிந்தவற்றையும் வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

தீவுகளும் சதுப்பும்

இக்கரையில் நிலம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது எளிதன்று. பெருங்கடலை நோக்கி வரிசையாகத் தடுப்புத் தீவுகள். அவற்றுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உவர்ச் சதுப்பு. நாள்தோறும் இருமுறை ஆறடி முதல் எட்டடி வரை ஓதம் ஏறி இறங்குகிறது. நீர் ஏறும்போது பசும்புல்லின் நுனி மட்டும் தெரியும். இறங்கும்போது கருஞ்சேறும் சிப்பித் திட்டுகளும் வெளிப்படும். கரையில் ஓங்கிக் கிளை பரப்பி நிற்கும் ஓக் மரங்களிலிருந்து ஸ்பானியப் பாசி என்னும் நரைத்த தாவரம் முதியவரின் தாடிபோல் தொங்குகிறது.

இந்நிலத்தில் கட்டுமானத்துக்கு ஏற்ற கல் கிடையாது. ஆகவே பழங்காலத்தார் சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலும் நீரும் முழுச் சிப்பிகளும் சேர்த்துக் குழைத்துச் சுவர் எழுப்பினர். செயின்ட் சைமன்ஸ் தீவில், 1736-இல் ஆங்கிலேயர் அமைத்த பிரடெரிக்கா கோட்டையின் எச்சங்களை நாம் பார்த்தபோது, சுவரின் முகத்திலேயே சிப்பிகள் பதிந்திருந்தன. ஸ்பானியரைத் தடுக்கவே இக்கோட்டை எழுந்தது. 1742 ஜூலையில் இத்தீவில் நடந்த சண்டைகளில் ஸ்பானியர் பின்வாங்கினர். அதன்பின் அவர்கள் ஜார்ஜியாவை வெல்ல முயலவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தையர் எனப் பிற்காலத்தில் புகழ்பெற்ற வெஸ்லி சகோதரர்களுள் சார்ல்ஸ் இக்கோட்டையிலும், ஜான் சவானா நகரிலும் இளமையில் சிறிது காலம் பணியாற்றினர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

ஐந்து துறவியர்

ஆங்கிலேயர் வருமுன்னர் இக்கரை குவாலே மக்களின் நாடாக இருந்தது. 1565-இல் புளோரிடாவில் புனித அகுஸ்தீன் நகரை நிறுவிய ஸ்பானியர், அங்கிருந்து வடக்கு நோக்கி மறைபரப்புத் தளங்களை அமைத்தனர். பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் இத்தீவுகளில் குடிசையமைத்து, மக்களின் மொழியைக் கற்று, மறைக்கல்வி புகட்டினர்.

1597 செப்டம்பரில் பேரிடர் நேர்ந்தது. தொலோமாத்தோ என்னும் ஊரில் தலைமைப் பதவிக்குரிய ஹுவானில்லோ என்பவன் திருமுழுக்குப் பெற்றவன், மணமானவன். அவன் மற்றொரு மனைவியைக் கொள்ளவே, பங்கைக் கவனித்து வந்த தந்தை பெட்ரோ தே கோர்ப்பா அவனைக் கண்டித்தார். இத்தகையவன் தலைவனாகத் தகான் என்றும் கூறினார். சில நாட்களில் ஒரு காலை அவர் கொல்லப்பட்டார். தொடர்ந்து பிளாஸ் ரொட்ரீகஸ், மிகேல் தே அஞ்ஞோன், அந்தோனியோ தே படஹோஸ், பிரான்சிஸ்கோ தே வெராஸ்கோலா ஆகிய நால்வரும் உயிர் துறந்தனர். ஆறாமவரான பிரான்சிஸ்கோ தே ஆவிலா காயமுற்றுச் சிறைப்பட்டு, பல மாதங்கள் துன்புற்றபின் மீண்டார். திருமணத்தின் புனிதத்துக்காக உயிர் நீத்த இவ்வைவரின் மறைசாட்சியத்தை ஏற்கும் ஆணையை வெளியிடத் திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஜனவரி 27 அன்று இசைவளித்தார்.

இந்நிகழ்ச்சியின் மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. குவாலே மக்களின் சினத்துக்குத் துறவியரின் கண்டனம் மட்டுமே காரணமன்று என்பர் வரலாற்றாசிரியர். தானியமாகவும் உழைப்பாகவும் ஸ்பானிய ஆட்சி கேட்ட திறையும், தங்கள் தலைவர்களின் உரிமையில் அந்நியர் தலையிட்டதும் அதில் அடங்கும். பழிவாங்கப் புறப்பட்ட ஆளுநர் ஊர்களையும் தானியக் களஞ்சியங்களையும் தீக்கிரையாக்கினார். குற்றமற்றோரும் பசியால் வாடினர். இரத்தம் சிந்திய துறவியரின் நினைவைப் போற்றும்போது, அவர்கள் பெயரால் எரிக்கப்பட்ட களஞ்சியங்களையும் நாம் மறத்தலாகாது.

பின்னர் மறைத்தளங்கள் மீண்டும் எழுந்தன. 1606-இல் கியூபாவின் ஆயர் இப்பகுதிக்கு வந்து உறுதிபூசுதல் வழங்கினார். புனித கத்தரீனாள் தீவிலிருந்த ஆலயம் குவாலே நாட்டின் தலைமைத் தளமாயிற்று. 1670-இல் ஆங்கிலேயர் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரை நிறுவியபின் நிலைமை மாறியது. அவர்களோடு நட்புக் கொண்ட பூர்வகுடிகள் 1680-இல் இத்தீவைத் தாக்கினர். ஆப்பிரிக்கரை மட்டுமன்றிப் பூர்வகுடிகளையும் அடிமைகளாய் வாங்கி விற்கும் வணிகம் அந்நாளில் கரோலினாவில் கொழித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் மறைத்தளங்கள் அழிந்தன. குவாலே என்ற பெயரும் மங்கியது.

ஆலயம் இருந்த இடமே மறக்கப்பட்டிருந்தது. 1980-களில் டேவிட் ஹர்ஸ்ட் தாமஸ் என்னும் தொல்லியல் அறிஞர் தலைமையில் அகழ்ந்தோர் அதைக் கண்டறிந்தனர். ஆலயத் தரையின் கீழ் நானூறுக்கு மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் சிலுவைகள், சுரூபப் பதக்கங்கள், எண்ணிறந்த மணிகள். அத்தீவு இன்று ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பதால் பொதுமக்கள் உட்புகுவதற்கில்லை. சதுப்புக்கு அப்பால் நீலக்கோடாய்த் தெரிந்த மரவரிசையையே நாம் கண்டோம். ஆங்கு உறங்குவோருக்காக ஒரு சிறு செபம் சொன்னோம்.

கத்தோலிக்கர் நீங்கலாக

1733 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்பவர் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குடியேறிகளோடு வந்து, ஆற்றங்கரை மேட்டில் சவானா நகரை அமைத்தார். அம்மேட்டில் வாழ்ந்த யமக்ரா மக்களின் முதிய தலைவர் டோமோசிச்சி அவர்களை நட்போடு வரவேற்றார். தாய்வழிப் பூர்வகுடியினரும் தந்தைவழி ஆங்கிலேயருமான மேரி மஸ்குரோவ் என்னும் பெண்மணி இரு சாராருக்கும் மொழிபெயர்த்தார். இவ்விருவர் துணையின்றி அக்குடியேற்றம் நிலைத்திருக்குமோ என்பது ஐயமே.

ஜார்ஜியாவுக்கு 1732-இல் மன்னர் வழங்கிய பட்டயம் அனைவருக்கும் மனச்சான்றின் சுதந்திரத்தை உறுதி செய்தது. ஆனால் கத்தோலிக்கருக்கு மட்டும் இல்லை என்றது. அண்டையில் ஸ்பானியப் புளோரிடா இருந்ததால், கத்தோலிக்கர் யாவரும் ஒற்றராகக்கூடும் என்ற அச்சமும், பழைய மதப் பகையும் இதற்குக் காரணங்கள். யூதரைப் பற்றிப் பட்டயம் ஒன்றும் கூறவில்லை. 1733 ஜூலையில் நாற்பத்திரண்டு யூதர்கள் ஒரு கப்பலில் வந்து இறங்கினர். லண்டனிலிருந்த அறங்காவலர்கள் முகம் சுளித்தபோதிலும், ஓகல்தார்ப் அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர்களுள் ஒருவரான மருத்துவர் சாமுவேல் நூனெஸ், அப்போது நகரில் பரவியிருந்த கொள்ளைக் காய்ச்சலில் பலரைக் காப்பாற்றினார். அந்தச் சமூகத்தார் தொடங்கிய தொழுகைக்கூடம் இன்றும் சவானாவில் இயங்குகிறது.

கத்தோலிக்கரை விலக்கிய பட்டயத்தைப் படிக்கும்போது நம் உள்ளம் வருந்துவது இயல்பே. எனினும் அடுத்த ஆண்டு அங்கு வந்தவர்களின் கதையையும் கேட்க வேண்டும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பேராயராகவும் ஆட்சியாளராகவும் இருந்த பிர்மியன் என்பவர், 1731-இல் தம் நாட்டிலிருந்த லூத்தரன் மக்கள் வெளியேற வேண்டுமென ஆணையிட்டார். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வீடு நிலம் இழந்து குளிர்காலத்தில் வழியனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒரு குழுவினர் 1734-இல் ஜார்ஜியாவை அடைந்து, சவானாவுக்கு வடமேற்கே எபெனேசர் என்னும் ஊரை அமைத்தனர். ஆக, ஒரே கரையில், கத்தோலிக்கரை ஏற்காத சட்டமும், கத்தோலிக்கப் பேராயரால் துரத்தப்பட்ட மக்களும் சந்தித்தனர். மதத்தின் பெயரால் மனிதரை விரட்டும் பழக்கம் எந்த ஒரு சபைக்கும் தனியுரிமையாய் இருந்ததில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு கூறுவது?

எபெனேசர் மக்களின் போதகரான பொல்சியுஸ், ஜெர்மனியில் ஹாலே நகரின் பிராங்கே கல்வி நிலையங்களில் பணியாற்றியவர். அதே ஹாலேயிலிருந்துதான் தரங்கம்பாடிக்கும் போதகர்கள் தொடர்ந்து வந்தனர். ஒரே இல்லத்தின் கடிதங்கள் ஒருபுறம் காவிரிக் கழிமுகத்துக்கும் மறுபுறம் சவானா ஆற்றங்கரைக்கும் சென்றன என்பது வியப்பூட்டுகிறது. எபெனேசர் மக்கள் கட்டிய செங்கல் ஆலயம் 1769-இல் நிறைவுற்றது. இன்றும் வழிபாடு நடக்கிறது. சுற்றிலும் ஊர் மறைந்துவிட்டது. ஆலயமும் கல்லறைத் தோட்டமும் மட்டும் மர நிழலில் அமைதியாய் நிற்கின்றன. விடுதலைப் போரின்போது ஆங்கிலப் படையினர் அவ்வாலயத்தை மருத்துவமனையாகவும், பின்னர்க் குதிரை லாயமாகவும் பயன்படுத்தினர்.

நெல் வயல்கள்

ஜார்ஜியாவின் தொடக்கத்தில் வியக்கத்தக்க ஒரு சட்டம் இருந்தது. 1735-இல் அறங்காவலர்கள் அங்கு அடிமைகளை வைத்திருப்பதைத் தடை செய்தனர். அறநோக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று. ஸ்பானிய எல்லையில் ஆயுதம் தாங்கக்கூடிய உழவர்கள் வேண்டும். அடிமைகளோ ஸ்பானியரிடம் ஓடிவிடுவர் என்ற கணக்கும் இருந்தது. ஆயினும் சிலர் உண்மையாகவே மனச்சான்றின் குரலைக் கேட்டனர். 1739-இல் டேரியன் என்னும் ஊரில் குடியேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டார் பதினெண்மர் ஒரு மனுவில் கையெழுத்திட்டனர். ஓர் இனத்தாரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் என்றென்றைக்கும் அடிமைகளாக்குவது மனித இயல்புக்கே அதிர்ச்சி தருவது என்பது அவர்கள் கருத்து. எபெனேசர் மக்களும் எதிர்த்தனர்.

எதிர்ப்பு நீடிக்கவில்லை. அண்டையிலிருந்த கரோலினாவின் செல்வம் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. சவானாவுக்கு அருகே பெத்தெஸ்தா அநாதை இல்லத்தை 1740-இல் நிறுவிய புகழ்பெற்ற போதகர் ஜார்ஜ் வைட்பீல்டு, அவ்வில்லத்தின் செலவுக்காகக் கரோலினாவில் அடிமைகள் உழைக்கும் பண்ணை ஒன்றை வைத்துக்கொண்டார். ஜார்ஜியாவிலும் தடையை நீக்க வேண்டுமென வாதாடினார். தாய் தந்தையற்ற குழந்தைகளின் உணவுக்காக வேறு குழந்தைகள் தாய் தந்தையரிடமிருந்து பிரிக்கப்படும் முறைக்கு ஒரு நல்ல மனிதர் துணை நின்றார்! 1751 தொடக்கத்தில் தடை நீங்கியது. 1773-இல் ஆளுநர் ஜேம்ஸ் ரைட் அளித்த கணக்கின்படி, அங்கு வெள்ளையர் பதினெண்ணாயிரம். கறுப்பின மக்கள் பதினையாயிரம்.

அம்மக்கள் விளைவித்த பொருள் நெல். நெல்லின் அருமை அறிந்த நம் வாசகர் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகின்றோம். ஆற்று முகத்தில் ஓதம் ஏறும்போது, கனமான உப்பு நீர் அடியில் புக, நன்னீர் அதன்மேல் எழும்பி நிற்கும். அந்நீர் எட்டும் சதுப்புக் காடுகளை வெட்டி, மைல்கணக்கில் கரை எழுப்பி, மர மதகுகள் வைத்து, ஓதத்தைக் கொண்டே வயலுக்கு நீர் பாய்ச்சினர், வடியும்போது வடித்தனர். மண்வெட்டியும் கூடையுமே கருவிகள். முழங்காலளவு சேற்றில், மலேரியாவுக்கும் பாம்புக்கும் நடுவே, இந்த வேலை நடந்தது. கோடையில் முதலாளிகள் காய்ச்சலுக்கு அஞ்சி நகரங்களுக்குப் போய்விடுவர்.

இந்நுட்பத்தை அறிந்தவர் யார்? மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் முதல் சியரா லியோன் வரையுள்ள கரையில் தொன்றுதொட்டு நெல் பயிரிட்ட மக்கள். அக்கரையிலிருந்து வந்தவர்கள் என்று சார்ல்ஸ்டன் அடிமை வணிகர் செய்தித்தாள்களில் விளம்பரமே செய்தனர். மர உரலில் உலக்கையால் குற்றி, சுளகு போன்ற வட்டப் புல்தட்டில் புடைத்து அரிசியாக்கினர். அத்தகைய கூடைகளை இன்றும் அவர்தம் பெயர்த்தியர் சார்ல்ஸ்டன் தெருக்களில் அமர்ந்து பின்னுகின்றனர். குல்லா கீச்சி எனப்படும் இம்மக்கள் ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த தனி மொழியை இன்றளவும் பேசி வருகின்றனர்.

தெற்கு நோக்கி ஓடியவர்கள்

கறுப்பின மக்களுக்கு விடுதலையின் திசை அந்நாளில் தெற்காக இருந்தது. 1693-இல் ஸ்பானிய மன்னர் இரண்டாம் சார்லஸ், ஆங்கிலேயரிடமிருந்து தப்பிவந்து கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்கும் அடிமைகளுக்கு விடுதலை அளிக்குமாறு ஆணையிட்டார். 1738-இல் புனித அகுஸ்தீன் நகருக்கு வடக்கே, தப்பி வந்தோருக்கென மோசே என்னும் கோட்டையூர் அமைந்தது. பிரான்சிஸ்கோ மெனெண்டஸ் என்னும் கறுப்பினத்தவர் அதன் படைத்தலைவர். சட்டத்தின் ஏற்புடன் கறுப்பின மக்கள் சுதந்திரமாய் வாழ்ந்த ஊர்களுள், இன்றைய ஐக்கிய நாடுகளின் எல்லைக்குள் முதன்மையானது இதுவே. ஸ்பானியரிடமும் அடிமைகள் இருந்தனர் என்பதையும், எதிரியை வலுவிழக்கச் செய்வதும் அவ்வாணையின் நோக்கம் என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும் கதவு திறந்தே இருந்தது.

1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. சார்ல்ஸ்டனுக்குத் தென்மேற்கே ஸ்டோனோ ஆற்றங்கரையில் இருபது அடிமைகள் அளவில் ஒன்றுகூடினர். ஒரு கடையைத் தாக்கித் துப்பாக்கிகளைக் கைப்பற்றினர்; கொடி ஏந்தி, முரசு அறைந்து, விடுதலை என முழங்கிக்கொண்டு புளோரிடா நோக்கி நடந்தனர். வழியில் பலர் சேர்ந்தனர். இருபதுக்கு மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டனர். தம் அடிமைகளிடம் இரக்கம் காட்டிய விடுதிக்காரர் ஒருவரை மட்டும் விட்டுவிட்டனர். அன்று மாலைக்குள் குடிப்படையினர் அவர்களைச் சிதறடித்தனர்.

இக்கிளர்ச்சியை முன்னின்று நடத்தியோர் காங்கோ நாட்டினர் என்றும், கத்தோலிக்கர் என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். காங்கோ மன்னர் 1491-இலேயே போர்த்துக்கீசிய மறைப்பணியாளரிடம் திருமுழுக்குப் பெற்றவர். அந்நாட்டார் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். கன்னி மரியாளின் பிறப்பு விழாவுக்கு மறுநாள் அவர்கள் எழுந்தது தற்செயலன்று என்று கருதும் வரலாற்றாசிரியரும் உளர். கத்தோலிக்கர் நுழையலாகாது என்று பட்டயம் எழுதிய கரையில், கைவிலங்கோடு கத்தோலிக்கர் ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்குக் குரு இல்லை, பூசை இல்லை, கல்லறைக்குக் கல்லும் இல்லை. மறு ஆண்டில் கரோலினா கொடிய சட்டம் இயற்றியது: அடிமைகள் கூடலாகாது, முரசு கொட்டலாகாது, எவரும் அவர்களுக்கு எழுதக் கற்பித்தலாகாது.

சவானா முற்றுகை

1776-இல் வெளியான விடுதலைப் பிரகடனத்தில் ஜார்ஜியாவின் சார்பில் மூவர் கையொப்பமிட்டனர். அவர்களுள் பட்டன் குவின்னெட் என்பவர் நாம் மேலே கூறிய புனித கத்தரீனாள் தீவின் ஒருகாலத்து உரிமையாளர். மறுஆண்டே அவர் உடன் நாட்டுப்பற்றாளர் ஒருவரோடு துப்பாக்கி ஏந்தி நடத்திய தனிச் சண்டையில் காயமுற்று இறந்தார்.

1778 டிசம்பர் 29 அன்று ஆர்ச்சிபால்ட் காம்பெல் என்னும் ஆங்கிலத் தளபதி சவானாவைக் கைப்பற்றினார். சதுப்பினூடே மறைவழி ஒன்றைக் காட்டி அவர் படையை நகரின் பின்புறம் கொண்டு சேர்த்தவர் குவாமினோ டாலி என்னும் முதிய அடிமை. அக்காம்பெல்தான் பின்னாளில் 1786 முதல் 1789 வரை நம் சென்னையில் ஆளுநராக வீற்றிருந்தவர்.

நகரை மீட்கப் பிரெஞ்சுக் கடற்படையோடு வந்தவருக்கும் சென்னையோடு தொடர்புண்டு. அட்மிரல் தெஸ்தேன், 1758-இல் லாலியின் படையில் சென்னையை முற்றுகையிட வந்து, அங்கே ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர். இருபத்தோராண்டுகளுக்குப் பின் அவர் சவானாவை முற்றுகையிட்டார். சரணடைய ஆங்கிலத் தளபதி ஒருநாள் அவகாசம் கேட்க, அதை வழங்கினார். அந்த ஒருநாளில் எண்ணூறு ஆங்கில வீரர் சதுப்பு வழியாக நகருக்குள் வந்து சேர்ந்துவிட்டனர். அடிமைகளைக் கொண்டு அரண்களும் வலுவாக்கப்பட்டன. 1779 அக்டோபர் 9 விடியலில், பனிமூட்டத்தில், ஸ்பிரிங் ஹில் அரணின்மேல் பிரெஞ்சு–அமெரிக்கப் படையினர் பாய்ந்தனர். ஒருமணி நேரத்துக்குள் ஏறத்தாழ எண்ணூறு பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். தெஸ்தேனும் காயமுற்றார். போலந்து நாட்டுக் குதிரைப்படைத் தலைவர் புலாஸ்கி குண்டடிபட்டு இருநாளில் உயிர் நீத்தார். தோற்றுத் திரும்பிய தெஸ்தேன், 1794-இல் பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சியில் கில்லட்டினுக்கு இரையானார்.

அப்படையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கறுப்பின வீரர் இருந்தனர். அவர்கள் பிரெஞ்சுக் குடியேற்றமான சான் டொமிங்குவைச் சேர்ந்த, அடிமைகளல்லாத தன்னார்வலர். சவானாவின் பிராங்க்ளின் சதுக்கத்தில் 2007-இல் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. துப்பாக்கி ஏந்திய வீரரோடு முரசு கொட்டும் சிறுவன் ஒருவனும் நிற்கின்றான். பிற்காலத்தில் ஹெய்ட்டியின் மன்னனான ஹென்ரி கிறிஸ்தோப் அச்சிறுவன் என்பது மரபு. அதே சதுக்கத்தின் ஓரத்தில் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் ஆலயம் உள்ளது. அச்சபையை வளர்த்த ஆண்ட்ரூ பிரையன் என்னும் அடிமைப் போதகர், மக்களைக் கூட்டிச் செபித்த குற்றத்துக்காகக் கசையடிபட்டவர்.

யாருக்கு விடுதலை?

வடக்கே சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் சல்லிவன் தீவு உள்ளது. 1776 ஜூன் 28 அன்று அங்குப் பனைவகை மரத்தண்டுகளால் அமைந்த அரண் ஆங்கிலக் கடற்படையின் குண்டுகளைத் தாங்கி நின்றது. அந்த மரமே இன்று தென் கரோலினாவின் கொடியில் விளங்குகிறது. அதே தீவில்தான், கப்பலில் வந்த ஆப்பிரிக்கர் நோய்க்காப்புக்காக அடைத்து வைக்கப்பட்டனர். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுள் பத்தில் நால்வர் சார்ல்ஸ்டன் வழியே வந்தனர் என்பது அறிஞர் கணிப்பு. அவர்களுக்கென நினைவுச் சின்னம் ஏதும் இல்லையே என எழுத்தாளர் டோனி மோரிசன் ஒருமுறை வருந்தினார். 2008-இல் அத்தீவில் ஓர் எளிய இருக்கை அமைக்கப்பட்டது. நாமும் அதில் சற்று நேரம் அமர்ந்தோம். எதிரே சதுப்பும் நீரும். சொல்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

போர் முடிந்து 1782-இல் ஆங்கிலேயர் சவானாவையும் சார்ல்ஸ்டனையும் விட்டகன்றபோது, கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் அவர்களோடு கப்பலேறினர். சிலர் விடுதலை பெற்றவராய். பெரும்பாலோர் ஆங்கில ஆதரவாளரின் உடைமைகளாய். விடுதலை பெற்றோருள் ஒரு பகுதியினர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பனியில் வாடி, 1792-இல் சியரா லியோன் சென்று குடியேறினர். நெல்லறிவுக்காகக் கவர்ந்து வரப்பட்ட மக்களுள் சிலராவது அந்நெற்கரைக்கே திரும்பினர்.

கத்தோலிக்கருக்குக் கதவு மெல்லத் திறந்தது. 1777-இல் ஜார்ஜியா இயற்றிய அரசியலமைப்பு வழிபாட்டுச் சுதந்திரம் அளித்தது. சட்டமன்ற உறுப்பினர் மட்டும் புரோட்டஸ்டாண்டினராக இருக்க வேண்டுமென்றது. 1789-இல் அக்கட்டுப்பாடும் நீங்கியது. சான் டொமிங்குவில் அடிமைகள் எழுச்சி கொண்டபோது தப்பியோடி வந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் சவானாவின் முதல் கத்தோலிக்கச் சமூகத்துக்கு வித்திட்டன. அவர்களுள் சிலர் அடிமைகளையும் உடன் கொண்டு வந்தனர் என்பது நாம் விழுங்க வேண்டிய கசப்பு. 1850-இல் மறைமாவட்டம் உருவாயிற்று. இரட்டைக் கோபுரங்களோடு எழுந்துள்ள புனித அருளப்பர் பேராலயம் இன்று பசிலிக்காவாகவும் உயர்ந்துள்ளது. விலக்கப்பட்டவர்கள் இடம் பெற்றனர். ஆனால் இடம் பெற்றவுடன் பிறர் விலக்கப்பட்டிருப்பதைக் காண மறந்தனர். இந்த மறதி எந்த நாட்டுக் கத்தோலிக்கருக்கும் எளிதில் வரக்கூடியதே.

சவானாவின் சதுக்கங்கள் அழகானவை. ஒன்றில், நகரை வரவேற்ற டோமோசிச்சி 1739-இல் அடக்கம் செய்யப்பட்டார். 1883-இல் அவர் கல்லறை இருந்த இடத்திலேயே இரயில்வே முதல்வர் ஒருவருக்கு உயர்ந்த நினைவுச் சின்னம் எழுப்பினர். முதியவருக்கு ஓரத்தில் ஒரு பாறை மட்டும் பின்னர் வைக்கப்பட்டது. மற்றொன்றான மாடிசன் சதுக்கத்தில், 1779 முற்றுகையில் கொடியைக் காத்து வீழ்ந்த சார்ஜெண்ட் ஜாஸ்பரின் சிலை நிற்கிறது. அச்சதுக்கத்தை அடுத்த மாளிகையொன்றில், 1865 ஜனவரி 12 அன்று, உள்நாட்டுப் போரில் வென்ற தளபதி ஷெர்மன் கறுப்பினப் போதகர் இருபதின்மரைச் சந்தித்தார். விடுதலை என்பதை நீங்கள் எவ்வாறு புரிந்துகொள்கின்றீர்கள் என அவர்களிடம் கேட்கப்பட்டது. முன்னாள் அடிமையான காரிசன் பிரேசியர் என்னும் முதியவர் அனைவர் சார்பிலும் விடையளித்தார். தம் உழைப்பின் பயனைத் தாமே அடையும் நிலையே விடுதலை. அதற்கு நிலம் வேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

நான்கு நாட்களில், அந்நெல்வயல்களை அவற்றில் உழைத்தவர்களுக்கே ஒதுக்கி ஷெர்மன் ஆணையிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலங்களைப் பழைய உரிமையாளரிடம் திருப்பியளிக்கச் செய்தார். அவ்வயல்களின் கரைகள் பல இன்று சிதைந்து கிடக்கின்றன. ஓதம் மட்டும் நாளுக்கு இருமுறை வந்து போகிறது. விடுதலைப் போரின் வீரர்களை நாம் போற்றுவோம். அதனோடு, பிரேசியர் என்னும் முதியவர் சொன்ன விடையையும் நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமாக.